கருவுற்றாரைப் பேணுதலும் வினைக்கொள்கையும்

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வார் பலர்க்கும் நாவில் எளிதாக வந்து நிற்பதொரு சொல் உண்டு. யாரேனும் ஒருவர் தமக்கு வந்த துன்பத்தைக் கூறி வருந்துமிடத்து, 'அது முன்செய்த வினை. நுகர்ந்தே கழிக்கவேண்டும்' என்பதே அச்சொல். சொல் பொய்யன்று. வினை நுகர்ச்சியாற் கழியும் என்பது நம் நூல்களின் துணிபேயாம். ஆயினும் மெய்யான சொல்லும், சொல்லுமிடம் அறியாது சொல்லப்படின், கொடுமையாய் முடிதல் உண்டு. கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணின்முன் இதனைச் சொல்லலாமோ, சொல்லியபின் சொன்னவனுக்கு அவள்பாற் செய்யத்தக்க கடன் யாதும் எஞ்சாதோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இதனை ஆராயப் புகுந்தமைக்குக் காரணத்தையும் மறையாது சொல்லிவிடுகின்றேன். ஏறக்குறைய முப்பதாண்டுகட்கு முன், என் தங்கை முதற்கருவுற்று ஐந்தாந் திங்களில் எம் வீட்டுக்கு வந்திருந்தாள். உணவு குறைந்து, இரவில் உறக்கமின்றி, இன்ன காரணமென்று சொல்லமாட்டாமல் அழுதுகொண்டிருந்தாள். ஒருநாள் மாலை, 'அண்ணா, எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டாள். யான் சிவஞான சித்தியார் பாடங்கேட்டு முடித்திருந்த காலம் அது; கற்றதைக் காட்டும் ஆசை மிக்கிருந்தது. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்துவிட்டன என்று அருணந்தி சிவாசாரியார் அருளிய செய்யுளைப் பாடிப் பொருளும் விரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். பின்னர்ப் பேறுகாலம் வரையில் தன் துன்பம் ஒன்றனையும் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆயின் பிறந்தபின் ஏழெட்டுத் திங்கள் அவள் அப்பிள்ளையின் முகத்தையும் விரும்பிப் பாராது கிடந்தாள். அஃது ஒரு நோய் என்றும், மருத்துவத்தாலும் உற்றார் துணையாலும் தீர்வது என்றும் எங்களுள் ஒருவரும் அறிந்திலேம்.

யான் அன்று பாடிய செய்யுளை அதன்பின் பன்முறை ஓதியிருக்கின்றேன். அது சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் உள்ளது. அதன் முற்பகுதி, இப்பிறப்பில் வருவன முன்செய்த கன்மத்தான் வருவன என்கின்றது. முடிபோ, கேட்பவனை முன்னிலைப்படுத்தி, இனிச் செய்யுங் கன்மம் மேல்வரும் உடலிற் சென்று சேரும் என்று அறிவுறுத்துகின்றது. செய்யுளின் முற்பகுதியை யான் என் தங்கைக்குச் சொன்னேன். பிற்பகுதி எனக்கென்று சொல்லப்பட்டதை உணர்ந்திலேன். அவள் துன்பம் அவள் பழவினையின் பயனாகலாம். அத்துன்பத்தின்முன் யான் இருந்த இருப்பு என் புதுவினை அன்றோ? பிராரத்தம் அவளுடையது, ஆகாமியம் என்னுடையது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து மயங்கினேன்.

இன்னும் நோக்கின், அதே சூத்திரத்துள் ஆசிரியர் அறங்களை எண்ணுமிடத்து, அன்பு, அருள், உபசாரம், உறவு என்பவற்றையும் தவம், தானம், அருச்சனை என்பவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணி, இவை இரக்கமுடைய இறைவன் இட்ட பணி என்கின்றார். ஒருவனைப் போய்க் கண்டு நலம் வினவுதலும், சுற்றத்தைத் தழுவுதலும் வெறும் உலகியல் என்று தள்ளுவார் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குவாராக.

அற்றேல், கருவிலமைந்தது அமைந்தவாறே வருமாயின் நாம் செய்யும் உபசாரத்தால் ஆவதென்னை என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அவர்க்கு விடை: வினை அறிவில்லாதது, தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்றமாட்டாது. இறைவனே அதனைக் கூட்டுவிக்கின்றான். கூட்டுவிக்குமிடத்தும் கருவிகளின்றிக் கூட்டுவித்தல் இல்லை. குயவனும் மண்ணும் உளவாயினும் தண்டசக்கரம் இன்றிக் குடம் உண்டாகாமைபோல, முதற்காரணமும் நிமித்தகாரணமும் நிற்பத் துணைக்காரணமும் வேண்டப்படும். கருவுற்றாளுக்கு வரும் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் மக்கள் வாயிலாகவே வருகின்றன. கணவன் சொல், மாமியார் முகம், அடுக்களையில் அவளுக்கென்று எடுத்துவைத்த சோறு, அல்லது எடுத்துவையாமை ஆகிய இவையே அவ்வாயில்கள். இன்ன பயன் இன்னார்க்கு என்பது நாம் அறியக் கூடியதன்று. எந்த வாயிலாக நிற்பது என்பதோ நம் தெரிவில் உள்ளது. அவள் நுகரவேண்டிய துன்பம் உளதாயினும் அதனைக் கொண்டுசென்று கொடுக்கும் வேலையை நமக்கு ஒருவரும் இடவில்லை.

இதற்கு நம் நாட்டிற்கு அப்பாற்பட்டதொரு சான்று கூறுதும். 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்து நாட்டு இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அந்நாட்டைப் பற்றியிருந்த ஜெர்மானியப் படை அதற்கு மாறாக மேற்குப்பகுதிக்கு உணவு செல்லாமல் தடுத்தது. 1944-45 குளிர்காலத்தில் ஆங்கே ஒருவர்க்கு அளந்து கொடுத்த உணவு நாளொன்றுக்கு ஆயிரங் கலோரிக்கும் கீழ்ப்பட்டது. அப்பொழுது வயிற்றில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து நடுவயதெய்தியபின் மருத்துவர் ஆராய்ந்தனர். கருவின் தொடக்கத்திற் பசிக்குட்பட்டவரிடையே இதயநோயும், பின்னைத் திங்களில் உட்பட்டவரிடையே சர்க்கரையை ஆளும் ஆற்றற்குறைவும் ஏனையோரினும் மிகுதியாகக் காணப்பட்டன. பிணி கருவில் அமைகின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா. ஆயின் அஃது அமைந்த வழியையும் நோக்குக. வானத்தினின்று வந்ததன்று, உணவு வண்டியை மறித்த கையினின்று வந்தது. அப்பிள்ளைகளின் வினை என்று சொல்லி அக்கையை விடுவிப்பார் உளரோ?

இனி, இறைவன் தானே இவ்வகையில் எவ்வாறு நின்றான் என்பதற்குத் திருச்சிராப்பள்ளித் தலபுராணம் சான்றாகும். பூம்புகார் வணிகன் மகளாகிய இரத்தினாவதி சிராப்பள்ளியிற் கருவுற்றிருந்தாள். அவள் தாய் மகப்பேற்றுக்கு வேண்டும் பொருள்களோடு புறப்பட்டு வருகையிற் காவிரி பெருக்கெடுத்து, அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலி தொடங்கிய மகள் ஈசனை நினைந்தழ, அவன் அத்தாயின் வடிவு கொண்டு வந்து மருத்துவம் செய்தான். வெள்ளம் வடிந்து உண்மைத்தாய் வந்து சேருங்காறும் உடனிருந்தான். இரு தாயரைக் கண்டு மகள் திகைப்ப மறைந்தருளினான். இன்றும் தாயுமானார் சந்நிதியில் சுகப்பேறு வேண்டுவார் வாழைத்தார் சாத்தி வழிபடுகின்றனர்.

இவ்வரலாற்றை அருளின் பெருமைக்கு எடுத்துக்காட்டுவார் பலர். யான் வியப்பது வேறொன்று. ஐந்தொழில் செய்வானுக்குக் காவிரியை ஒருகணத்தில் வற்றச்செய்தல் அரிதன்று. வலியே இன்றி ஈனச்செய்தலும் அரிதன்று. இவ்விரண்டையும் அவன் செய்திலன். வலி வந்தது, பேறு நிகழ்ந்தது, உடனிருப்பார் இல்லையென்னும் குறை ஒன்றனையே நீக்கினான். வினையை மாற்றாமலே அருள் செய்யக்கூடியது இத்துணை உண்டு என்பதற்கு இதுவே இலக்கியம்.

மருத்துவ உலகமும் இதனை அளந்து பார்த்திருக்கின்றது. பேற்றுவலியின்போது ஒருவர் விடாது உடனிருத்தலால் விளையும் பயனைப் பற்றி, 17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடத்து நிகழ்ந்த 26 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பு 2017-இல் வெளிவந்தது. உடனிருப்பார் உள்ள பெண்கட்கு வலிக்காலம் சிறிது சுருங்கியது. அறுவையால் ஈனுதல் குறைந்தது. பேற்றைப் பற்றிய கசப்பான நினைவும் குறைந்தது என்பது அதன் முடிபு. கருவுற்றாள் தானே விரும்பும் ஒருவரைப் பேற்றறையில் உடன்வைத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கின்றது. தான் விரும்பும் ஒருவரை என்பதைக் குறிக்கொள்க. இரத்தினாவதிக்கு இறைவன் முனிவனாக வந்திலன். அவள் அழைத்த தாயாகவே வந்தான்.

திருக்கருகாவூர் வரலாறு இன்னும் நுண்ணியது. நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை, கணவர் வெளிச்சென்றிருந்த வேளையில், கருவின் தளர்ச்சியால் அயர்ந்து கிடந்தாள். ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் வந்து பிச்சை கேட்டனர். அவள் எழமாட்டாமையை அவமதிப்பென்று கொண்டு சபித்தனர், கரு சிதைந்தது. அவள் அம்மையை வேண்ட, அம்மை அக்கருவைக் கலசத்துள் வைத்துக் காத்துப் பிள்ளையாக்கிக் கொடுத்தாள். காமதேனு பால் சுரந்தது. விருந்தோம்பல் தலையாய அறம்; முனிவர்க்குப் பிச்சையிடாமை குற்றம். இவ்விரண்டும் நூல்வழக்கே. ஆயினும் இவ்வரலாற்றில் அம்மை தவமுடையார் பக்கம் நின்றிலள். தளர்ந்து கிடந்தாள் பக்கம் நின்றாள். நம் வீடுகளில் விருந்தினர் வருந்தோறும் ஏழுதிங்கட் கருவுடையாளை அடுப்பங்கரையில் நிறுத்திவிட்டு, அவள் முகஞ்சுளித்தாள் என்று குறை கூறுவோர், கருகாவூர்க்குச் சென்று ஆமணக்கெண்ணெய்ப் பிரசாதம் வாங்கி வருவதனால் ஆகும் பயன் யாது?

இனி மனத்தளர்ச்சியைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும்; சைவர்கள் மிகப் பிழைபடுமிடம் இதுவே என்பது என் கருத்து. கருக்காலத்தில் ஒரு பெண் வாடியிருப்பின், 'பஞ்சாக்கரம் ஓது, திருமுறை படி, எல்லாம் சரியாகும்' என்பர். ஓதுதல் நன்றே; ஓத இயன்றவர்க்கு அது பெருந்துணை. ஓதியும் வாட்டம் தீராதாயின், 'உனக்குப் பத்தி போதாது' என்னும் முடிவிற்கு வருகின்றனர். இது சித்தாந்தத்துக்கே முரணானது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள், கண்ணும் காலும் போலக் கருவிகளே, உயிர் அல்ல. காலில் முள் தைத்து நடக்கமாட்டாதானை அன்பில்லாதவன் என்று எவரும் கூறார். அங்ஙனமாக, அகக்கருவி பிணிப்பட்டாளை அன்பில்லாதவள் என்பது கருவியையும் கருத்தாவையும் ஒன்றெனக் கொள்வதாம். தத்துவம் தொண்ணூற்றாறும் எண்ணத் தெரிந்தவர் இப்பிழை செய்தல் தகுமா?

இந்நோய் அரியதன்று. உலக முழுவதும் கருவுற்றாருள் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேரும், ஈன்றாருள் நூற்றுக்குப் பதின்மூன்று பேரும் மனநோய்க்கு, பெரிதும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்றும், வளரும் நாடுகளில் இத்தொகை முறையே 15.6, 19.8 என உயர்கின்றது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமும் பசியும் கெட்டு, எதன்மேலும் விருப்பமின்றி, தன்னையோ பிள்ளையையோ வெறுக்கும் எண்ணம் தோன்றுமாயின், காய்ச்சலுக்கு அழைத்துச் செல்வதுபோலவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றின் ஒருநாளும் தாழ்த்தலாகாது. திருநீறு இடுதலும் மருத்துவரை நாடுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

உடலோம்பல் வகையில் நோன்பைப் பற்றி ஓர் ஐயம் அடிக்கடி வினவப்படுகின்றது. சோமவாரம், பிரதோடம், சிவராத்திரி முதலிய நாள்களில் கருவுற்றார் உணவொழித்து நோற்கலாமோ என்பது. தனக்குற்ற நோயைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பஞ் செய்யாமையும் ஆகிய இரண்டுமே தவத்தின் வடிவு என்று திருவள்ளுவர் வரையறுத்தார். தனியளாய் இருந்தபோது அவள் நோற்ற நோன்பு அவளுடையது. கருவுற்றபின் அவள் உண்ணாதிருப்பின், சங்கற்பம் செய்யாத வேறோர் உயிரும் அவளோடு பட்டினி கிடக்கின்றது. அந்நோன்பின் முதற்பகுதி நிரம்பினும் இரண்டாம் பகுதி கெடுகின்றது. ஆதலின் அந்நாளில் வேளைதோறும் உண்டு, வழிபாட்டை மட்டும் செய்தலே அவட்கு நோன்பு என்பேன். பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்று அஞ்சி உணவைக் குறைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு, அதுவும் விடத்தக்கது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி இந்நாட்டுக் கருவுற்றாருள் நூற்றுக்கு 52.2 பேர் இரத்தச்சோகை உடையவர். கீரை, பயறு, பால், பழம் இவற்றோடு மருத்துவர் தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளையும் தவறாது கொள்ளவேண்டும். குங்குமப்பூவாற் பிள்ளை சிவக்கும் என்று பெரும்பொருள் செலவிடுவோர் அப்பொருளை முட்டைக்கோ, மரக்கறியே உண்பாராயின் பருப்புக்கும் பழத்துக்குமோ செலவிடலாம். புகையிலையும் மதுவும் கூடா என்பது சொல்ல வேண்டுவதன்று. அவளருகில் அமர்ந்து புகைபிடிக்கும் ஆடவர்க்குத்தான் சொல்லவேண்டியிருக்கின்றது.

திருமந்திரம் இரண்டாந் தந்திரத்துக் கர்ப்பக்கிரியைப் பகுதியில், தாய்வயிற்றிலுள்ள மல சலங்களின் மிகுதியாற் பிள்ளைக்கு மந்தமும் ஊமையும் குருடும் நேரும் என்னும் கருத்து வருகின்றது. அக்கால மருத்துவக் கொள்கை அது; இக்கால மருத்துவம் அதனை அவ்வாறே கொள்வதில்லை. தாயுணவைக் காக்கவேண்டும் என்பதற்கு அதனை எடுத்தோதுவது ஒக்கும். குறையுடன் பிள்ளை பிறந்த வீட்டில் அதனை எடுத்தோதித் தாயைக் குற்றவாளியாக்குவது ஒவ்வாது. அங்ஙனம் செய்வாரை யான் கண்டிருக்கின்றேன்.

தாய் என்பாள் பிள்ளைக்கு ஒரு கலம் மட்டும் அல்லள். அவளும் ஆணவமலத்தோடு அநாதியே உள்ளதோர் உயிர். அவள்பொருட்டும் ஐந்தொழில் நிகழ்கின்றது. இது மறக்கப்படுங்கால் வரும் கேட்டுக்குப் பெரியபுராணத்துக் கோச்செங்கட் சோழர் வரலாறு நினைவுக்கு வருகின்றது. ஒருநாழிகை கழித்துப் பிறப்பின் பிள்ளை மூவுலகாளும் என்று கணிதர் கூற, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச்செய்து, அந்நாழிகை கழிந்தபின் ஈன்று, சிவந்த கண்ணுடைய மகனைக் கண்டு பெயர் சொல்லி உயிர்நீத்தாள். அவள் தியாகத்தை வணங்குகின்றோம். ஆயினும் அஃது அவள் தானே ஈந்தது. பிறர் கேட்டுப் பெற்றதன்று. இந்நாளில் நல்ல நட்சத்திரம் பார்த்து அறுவைக்கு நாள் குறிக்கும்படி மருத்துவரை நெருக்குவோர் மகளையோ மருமகளையோ கேட்டா குறிக்கின்றனர்? மருத்துவத் தேவையின்றி 39 வாரம் நிரம்புமுன் அறுவையால் எடுத்த பிள்ளைக்கு மூச்சுத்தொல்லை வரும் வாய்ப்பு மிகுதி. நாளுங் கோளும் அடியார்க்கு நல்லனவே என்று திருமறைக்காட்டினின்று புறப்படும்போது திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் அருளியதை நாள்தோறும் ஓதுகின்றவர்களே இந்நாள் குறிப்பில் முன்னிற்பது வியப்பு.

வளைகாப்பு என்னும் சடங்கைப் பற்றியும் ஒருசொல். ஏழாந் திங்களிலோ ஒன்பதாந் திங்களிலோ பெண்கள் கூடி, வளையணிந்து, சந்தனம் பூசி, பலவகைச் சோறு ஊட்டிப் பாடுதல், 'நாங்கள் இத்தனை பேர் இருக்கின்றோம்' என்று அவட்குக் கண்காணக் காட்டுவதாம். சுற்றம் இல்லாதார்க்கும் இது கிடைக்கவேண்டும் என்றே தமிழ்நாட்டு அரசு அங்கன்வாடிகளின் வழியாகச் சமுதாய வளைகாப்பு நடத்திவருகின்றது, நல்ல செயல். ஆனால் வீட்டு வளைகாப்புகளில் கைம்பெண்களையும் மகப்பேறில்லாதாரையும் வளையிட விடாது ஒதுக்குகின்றார்களே, அதனை எந்தச் சைவநூல் விதித்தது? பெற்றுவளர்த்த தாய் கைம்பெண் ஆனால் தன் மகளுக்கு ஒருவளை இடவும் உரிமையின்றிக் கதவின்பின் நிற்கின்றாள். கூட்டம் யார்பொருட்டுக் கூடியதோ அவள் கண்ணும் அக்கதவின்மேலேயே இருக்கின்றது.

என் தங்கை நான்காண்டு கழித்து மறுபடியும் கருவுற்றாள். இம்முறை அவள் கணவர் முன்கூட்டியே மருத்துவரிடம் முதற்பேற்றில் நிகழ்ந்ததைச் சொல்லிவைத்தார். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. நாள்தோறும் மாலையில் சென்று, கிணற்றிலிருந்து நாலு குடம் நீர் இறைத்து வைத்து, மூத்த பிள்ளையைத் தோளில் வைத்துக் கோயில்வரை உலாவிவந்து, அவள் உண்ணுமட்டும் எதிரில் உட்கார்ந்திருப்பேன். செய்யுள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாந் திங்களில் ஒருநாள் அவளே, 'அண்ணா, அன்றைக்கு ஒரு பாட்டுச் சொன்னாயே, அதில் கடைசியில் என்ன வரும்?' என்று கேட்டாள். சொன்னேன். 'அது உனக்கு' என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்று கிண்ணத்தை நீட்டினாள்.